மால்பரோக் கோட்டை விடுதி

வழிப்போக்கர் தங்கும் இடங்களைக் குறிக்கத் தமிழிற் பல சொற்கள் உள. மடம், சத்திரம், சாவடி என்பன பெரும்பாலும் அறத்தின்பாற்பட்டவை. கட்டினோர் புண்ணியங் கருதிக் கட்டினர், தங்கினோர் கூலி கொடுத்திலர். வாடிவீடு என்பது ஆட்சியாளர் தம் உத்தியோகத்தரின் பயணத்தை முன்னிட்டு அமைத்தது. ஆங்கில நாட்டிலே 'இன்' எனப்பட்ட வழிவிடுதி இவற்றுள் எதிலும் அடங்காது. அது வாணிகம், ஆயினும் ஏனைய வாணிகங்களுக்கில்லாத கடப்பாடுகள் அதற்கு உண்டு. துணிக்கடைக்காரன் தான் விரும்பாதவனுக்குத் துணி விற்க மறுக்கலாம். விடுதிக்காரனோ, இடம் இருக்கும்போது, கூலி கொடுக்க வல்லவனாய் ஒழுங்காக வரும் வழிப்போக்கன் எவனையும் மறுத்தல் ஆகாது. தங்கியவனின் பொருள் களவுபோயின் அவனே அதற்குப் பொறுப்பாளி. இவை ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் பழைய விதிகள். வீதியிற் போவோர் அனைவருக்கும் உரிய வீடாக விடுதியைச் சட்டம் கருதியது. வீதி மாறினால் அவ்வீட்டின் கதி யாது என்பது பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை.

மால்பரோ என்னும் சந்தை நகரில் 1751 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டு, 92 ஆண்டுகள் நடைபெற்று, 1843 இல் மூடப்பட்ட கோட்டை விடுதியின் வரலாறு இவ்வினாவுக்கு நல்லதொரு விடையாகும். இலண்டனிலிருந்து பாத் நகரத்துக்குப் போய்ச்சேர எத்தனை நாள், எத்தனை மணி பிடித்தது என்னும் ஒரு கணக்கே அவ்விடுதியை வாழ்வித்தது. அக்கணக்கு மாறியபோது அது மூடப்பட்டது. அதன் புகழ்பற்றி எழுதியோர் பலர் அங்கு தங்கிய பெருமக்களின் பெயர்களையே அடுக்கிச் செல்வர். பெருமக்கள் வந்தமைக்குரிய காரணம் அவ்வீட்டிலன்று, அவ்வீதியிலேயே உளது.

மால்பரோ, வில்ட்சயர் மாகாணத்தின் கிழக்குப் பகுதியிலே, கென்னற் ஆற்றின் கரையில் அமைந்தது. தெற்கே சேவர்னேக் என்னும் பழைய காடு. வடக்கேயும் மேற்கேயும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். யோன் மன்னன் 1204 இல் வழங்கிய பட்டயத்தால் புதன், சனி ஆகிய இரு நாள்களிலும் சந்தை கூட்டும் உரிமையை நகரம் பெற்றது. நகரத்தின் பெருந்தெரு இங்கிலாந்தின் மிக அகன்ற தெருக்களுள் ஒன்று. 1653 இல் நேர்ந்த பெருந்தீயில் ஏறத்தாழ 250 வீடுகள் எரிந்தன. இன்று அத்தெருவில் நிற்கும் பழைய வீடுகளுட் பல அதன் பின்னர் எழுந்தவை. இலண்டனிலிருந்து ஏறக்குறைய 75 மைல், பாத் நகரத்திலிருந்து ஏறக்குறைய 32 மைல் என்பது அதன் தொலைவு. இவ்விரண்டு எண்களும் மனத்திலிருத்தத் தக்கவை.

பெருந்தெருவின் மேற்கெல்லையிலே பரிசுத்த பேதுரு ஆலயம் நிற்கிறது. அதற்கும் அப்பால், நகரம் முடிந்து வீதி மேற்குநோக்கிச் செல்லும் இடத்தில், மரங்கள் அடர்ந்த ஒரு மண்மேடு உண்டு. உயரம் ஏறத்தாழ 60 அடி. மெர்லின் என்னும் பழங்கதை மாயாவியின் எலும்புகள் அதனுள் உள்ளன என்று ஊரார் நம்பினர். நகரச் சின்னத்திலும் அக்கதை இடம்பெற்றது. நோர்மானியர் கோட்டை கட்டுதற்காக எழுப்பிய மேடு அது என ஆய்வாளர் பலர் நெடுங்காலம் கருதிவந்தனர். மேட்டைத் துளைத்தெடுத்த மண்ணிற் கிடைத்த கரித்துண்டுகளைக் கதிரியக்க முறையாற் காலங்கணித்தபோது, அது கிறித்துவுக்கு முன் ஏறக்குறைய 2400 ஆம் ஆண்டுக்குரியது என்பது 2011 இல் வெளியாயிற்று. ஐந்து மைல் மேற்கேயுள்ள சில்பரி மேட்டின் தம்பி அது எனலாம். நோர்மானியர் செய்தது, முன்னமே இருந்த மேட்டின்மீது கோட்டையை ஏற்றியமையே.

அக்கோட்டை அரச குடும்பத்தின் விருப்பத்துக்குரிய இருப்பிடமாயிருந்தது. யோன் பட்டத்துக்கு வருமுன் 1189 இல் மணம் புரிந்தது மால்பரோவில். மூன்றாம் ஹென்றி காலத்தில் 1267 இற் கூடிய மன்றம் இயற்றிய மால்பரோச் சட்டத்தின் சில பிரிவுகள், ஐக்கிய இராச்சியத்தில் இன்னும் நடைமுறையிலுள்ள எழுத்துச் சட்டங்களுள் மிகப் பழையவை. பின்னர்க் கோட்டை பாழாயிற்று. நிலம் சீமோர் குடும்பத்தார் கைக்கு வந்தது. அக்குடும்பத்தவரான ஆறாம் சொமர்செற் கோமகன் பதினேழாம் நூற்றாண்டின் இறுதிமுதல் அங்கு ஒரு செங்கல் மாளிகையை எழுப்பினார். பிற்காலத்தில் விடுதியானது இம்மாளிகையே. கோட்டை மறைந்து நெடுங்காலமாகியும் விடுதி அதன் பெயரையே சூடிக்கொண்டது.

மாளிகையாயிருந்த காலத்திலும் அவ்வீடு இலக்கிய உலகத்துக்கு அறிமுகமானது. கோமகனின் மருமகள் பிரான்சிசு, ஹெர்ட்போர்ட் சீமாட்டி, கவிதையில் ஈடுபாடுடையவர். மேட்டைச் சுற்றி ஏறும் வளைபாதையும் அதன் அடியிற் சிப்பி பதித்த குகையும் அவர்காலத்துத் தோட்டக்கலைக்குச் சான்றாயின. புலவர்களை அழைத்து உபசரிப்பது அவர் வழக்கம். யேம்சு தொம்சன் தமது 'வசந்தம்' என்னும் நூலை 1728 இல் அவருக்கே உரிமையாக்கினார். சீமாட்டியின் கவி முயற்சிக்குத் துணைநிற்பதிலும் பார்க்க அவர் கணவரோடும் நண்பரோடும் குடித்துக் களிப்பதையே தொம்சன் விரும்பினார், அதனால் மறுமுறை அழைப்புக் கிடைக்கவில்லை என்று சாமுவேல் யோன்சன் எழுதிவைத்தார். வீடு விடுதியாவதற்கு முன்பே அங்கு விடுதிக்குரிய பழக்கம் ஒன்று தொடங்கிவிட்டது போலும்.

சீமாட்டியின் கணவர் ஏழாம் சொமர்செற் கோமகனாகி 1750 இல் இறந்தார். ஆண் வாரிசில்லை. மகள் எலிசபெத்தும் அவர் கணவர் சேர் ஹியூ சிமித்சனும் நோதம்பர்லாந்துச் செல்வத்துக்கு உரியவராயினர். வடக்கே அல்னிக் கோட்டை, இலண்டனருகே சயன் மாளிகை, இலண்டனிலேயே பெரிய அரண்மனை ஒன்று என அவர்களுக்கு வீடுகள் மிகுதி, மால்பரோ வேண்டப்படாததாயிற்று. வேறொரு நாட்டுப்புறத்தில் நின்றிருந்தால் அம்மாளிகை பூட்டிக்கிடந்து சிதைந்திருக்கும். அது நின்ற இடமோ பாத் வீதியின் ஓரம். 1751 இல் அது குத்தகைக்கு விடப்பட்டு விடுதியாயிற்று. நிலவுரிமை பின்னர்ச் சேவர்னேக் காட்டுக்குரிய எயில்சுபரிப் பிரபு குடும்பத்தைச் சேர்ந்தது.

கோமகன் ஒருவரின் மாளிகையை விடுதியாக்கினால் அறைகளை நிரப்ப ஆட்கள் வேண்டும். அந்நம்பிக்கை அக்காலத்தில் எவ்வாறு பிறந்தது? பாத் நகரத்தின் வெந்நீரூற்றுகளே அதற்கு விடை. நோய் தீர்க்கும் என நம்பப்பட்ட அவ்வூற்றுகளை நாடி உரோமர் காலமுதலே மக்கள் சென்றனர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, ரிச்சர்ட் நாசு என்பார் அங்கு நடன மண்டபத்துக்கும் விருந்துக்கும் ஒழுங்குவிதிகள் வகுத்தபின், நோயாளரிலும் பார்க்க நோயற்றோரே மிகுதியாக வந்தனர். செல்வர் குடும்பங்கள் பருவந்தோறும் பாத் செல்வது வழக்கமாயிற்று. அவர்கள் சென்ற வீதி ஒன்றே: இலண்டன், றெடிங், நியூபரி, ஹங்கபோட், மால்பரோ, பின் மேட்டுநிலத்தைக் கடந்து பாத்.

அவ்வீதியில் 1667 இல் ஓடிய வண்டி மூன்று நாளில் பாத் சேர்ப்பதாக விளம்பரஞ் செய்தது. சுங்கவீதிக் குழுக்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலே தோன்றி, வாயில்களில் வரி பெற்று வீதிகளைத் திருத்தத் தொடங்கியபின் பயணம் இரு நாளாய்க் குறைந்தது. இரு நாட் பயணமென்றால் நடுவில் ஓர் இரவு. இலண்டனிலிருந்து புறப்பட்டவர் இருட்டுமுன் மால்பரோவை அடைந்தால் மறுநாட் காலை மேட்டுநிலத்தைப் பகல் வெளிச்சத்திற் கடக்கலாம். கோட்டை விடுதியின் செல்வத்துக்கு வித்து இந்த ஓர் இரவு.

இங்கே விடுதியின் தொழில்முறையையும் விளக்குதல் வேண்டும். ஏறத்தாழப் பத்து மைலுக்கொருமுறை வண்டிக்குக் குதிரை மாற்ற வேண்டியிருந்தது. ஆதலின் பெரிய விடுதியொன்றின் உண்மையான மூலதனம் கட்டிலும் மெத்தையும் அல்ல, இலாயமே. பொது வண்டிகளுக்கென ஒப்பந்தப்படி நிறுத்திய குதிரைகள் ஒருபுறம். சொந்த வண்டியில் வருவோருக்கும், சிறுவண்டியை வாடகைக்கு எடுப்போருக்கும் மைல் கணக்கிற் கூலிக்கு விடும் குதிரைகள் மறுபுறம். அக்குதிரைகளுக்குப் புல், வைக்கோல், ஓட்சுத் தானியம். அவற்றுக்கு இலாடம் அடிக்கக் கொல்லர். சேணம் தைக்கத் தோல் வினைஞர். அச்சு முறிந்த வண்டியைத் திருத்தத் தச்சர். குதிரைகளைப் பேணும் இலாயக்காரர். முன் குதிரைமேல் ஏறிச் செலுத்தும் பையன்கள். சுற்றுப்புறத்து உழவன் சனிக்கிழமைச் சந்தைக்குக் கொண்டுவந்த தானியத்திற் கணிசமான பங்கு வீதியிற் சென்ற குதிரைகளின் வயிற்றுக்குச் சென்றது. சந்தை நகரமும் வழிவிடுதியும் இவ்வாறு பிணைந்திருந்தன. விடுதி மூடப்படுதல் என்பது ஒரு முதலாளியின் நட்டத்தோடு முடியும் காரியமாயிருக்கவில்லை.

விடுதியின் வரலாற்றில் மிகவும் பேசப்படும் நிகழ்ச்சி 1767 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நேர்ந்தது. மூத்த வில்லியம் பிற், அக்காலத்துச் சற்றாம் பிரபு, அரசாங்கத்தின் தலைவர். ஊளைச்சதையும் சோம்பலும் உடையவரல்லர். எனினும் வாதநோய் அவரை வாட்டியது. பாத் ஊற்றுகளில் நீராடி இலண்டன் திரும்பும் வழியில், பெப்ரவரி மாதத்தில், நோய் மிகுந்து மால்பரோக் கோட்டை விடுதியில் தங்கினார். தங்கியிருந்த காலம் முழுவதும் விடுதியின் பணியாட்கள் அனைவரும், இலாயச் சிறுவர் உட்பட, தம் வீட்டு ஏவலாளரின் சீருடையையே அணிய வேண்டுமெனக் கட்டளையிட்டார் என்றொரு கதை வழங்குகிறது. அது மிகைப்பட்ட கதையாக இருக்கலாம். அவர் செருக்குக்குப் பொருந்தாததன்று.

சீருடைக் கதையிலும் முக்கியமானது வேறு. அந்நாள்களில் பாராளுமன்றம் கூடியிருந்தது. கிழக்கிந்தியக் கம்பனி வங்காளத்திற் பெற்ற வருமானம் யாருக்குரியது என்னும் விசாரணை நடந்துகொண்டிருந்தது. அவ்விசாரணையை முன்னின்று நடத்த விரும்பியவர் சற்றாம். திறைசேரியின் முதற் பிரபுவாயிருந்த கிராப்டன் கோமகன் விடுதிக்கே வந்து ஆலோசிக்க விரும்பியும் சற்றாம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. அவர் இல்லாத வேளையில், பெப்ரவரி 27 ஆந் திகதி, நிலவரியைப் பவுணுக்கு நான்கு சிலிங்கிலிருந்து மூன்று சிலிங்காகக் குறைக்கும் பிரேரணையை எதிர்க்கட்சியினர் வென்றனர். வருமானத்தில் விழுந்த துண்டை நிரப்பும் சுமை நிதிமந்திரி சாள்சு தவுன்செண்டுக்கு வந்தது. அவ்வாண்டு நடுப்பகுதியில் அவர் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு வரும் தேயிலை, கண்ணாடி, காகிதம் முதலியவற்றின்மீது வரி விதித்தார். பிரிவினைக்கு இட்டுச்சென்ற பூசல்கள் அதனால் மீண்டும் மூண்டன. வாதநோய் ஒன்றே அமெரிக்காவை இழப்பித்தது எனல் பேதைமை. எனினும் தலைவர் ஒருவர் வழியில் முடங்கினால் ஆட்சியும் முடங்கும் என்ற அளவுக்கு 75 மைல் அன்று பெருந்தொலைவாயிருந்தது என்பது இதனாற் புலனாகும். சற்றாம் மார்ச் தொடக்கத்தில் இலண்டனை அடைந்தார். உடல்நலம் மட்டும் மீளவில்லை. இந்நிகழ்ச்சியைப் பின்னணியாகக் கொண்டு சிற்றான்லி வெய்மன் என்பார் 1898 இல் 'கோட்டை விடுதி' என்னும் பெயரிலேயே ஒரு நாவல் எழுதினார்.

இனி, விடுதியின் அழிவுக்குப் புகையிரதத்தை மட்டும் பொறுப்பாக்குவது பொதுவழக்கு. உண்மையில் வேகம் விடுதியைத் தொட்டது அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே. பாத் நகரத்து நாடகசாலைச் சொந்தக்காரராகிய யோன் பாமர், கடிதங்களைக் குதிரைச் சிறுவர்மூலம் அனுப்புவதைவிட விரைவான வண்டியிற் காவலனுடன் அனுப்புதல் நன்று என அரசாங்கத்தை வற்புறுத்தினார். 1784 ஓகஸ்ட் 2 ஆந் திகதி பிற்பகல் நான்கு மணிக்குப் பிரிஸ்தலிலிருந்து புறப்பட்ட முதலாவது தபால் வண்டி, பாத், மால்பரோ வழியாக மறுநாட் காலை எட்டு மணிக்கு இலண்டன் சேர்ந்தது. பதினாறு மணி நேரம். அவ்வண்டியில் ஏறியவன் மால்பரோவில் உறங்கவில்லை; நடுவழியிற் குதிரை மாற்றும்போது கண்விழித்திருப்பான், அவ்வளவே. 1816 இற் பிரிஸ்தல் வீதிகளின் மேற்பார்வையாளரான யோன் மக்காதம் சிறுகல் பரப்பி வீதியமைக்கும் முறையைப் பரப்பியபின் வண்டிகள் மேலும் விரைந்தன. 1830 ஐ அடுத்த ஆண்டுகளிற் சிறந்த வண்டிகள் மணிக்குப் பத்து மைல் ஓடின.

ஆயின் விடுதி ஏன் அன்றே நலியவில்லை? தங்குவோர் குறைந்தனராயினும் செல்வோர் பெருகினர். நாளொன்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்ட வண்டிகள் மால்பரோ வழியே சென்றன என்பர். படுக்கையால் வந்த வருவாயை இலாயமும் அவசரச் சாப்பாடும் ஈடுசெய்தன. விடுதி பெரிதாகத் தோன்றியது. முற்றத்தில் இரவும் பகலும் ஊதுகொம்பொலி. ஆனால் அதன் வாழ்வு முன்னிலும் ஒடுங்கிய அடித்தளத்தின்மேல் நின்றது. பயணியின் களைப்பை நம்பியிருந்த வீடு, இப்போது குதிரையின் களைப்பை மாத்திரம் நம்பியிருந்தது. களைக்காத குதிரையொன்று வருமாயின் அதற்கு வேறு துணையில்லை.

நத்தார் வாழ்த்துமடல்களிற் காணும் வண்டிக்காலம் இனிமையானது: பனி, செந்நிறச் சட்டை, விடுதிக் கதவில் விளக்கொளி. அக்காலத்தை நேரில் அறிந்தோர் வேறு கண்டனர். கூரைமேல் அமர்ந்தோர் குறைந்த கட்டணத்துக்கு முழுக் குளிரையும் வாங்கினர். 1812 இல் பாத் வண்டி சிப்பனாம் நகரை அடைந்தபோது மேற்புறத்துப் பயணிகள் இருவர் விறைத்து இறந்திருந்தனர். விரைவு வண்டிகளிற் பூட்டிய குதிரை மூன்று நான்கு ஆண்டுகளில் தேய்ந்துபோகும். 1836 ஆம் ஆண்டு நத்தாரையொட்டிப் பெய்த பெரும்பனியில், பாத், பிரிஸ்தல் தபால் வண்டிகள் இலண்டனிலிருந்து 80 மைலில், அதாவது மால்பரோவுக்குச் சற்று மேற்கே, கைவிடப்பட்டன. காவலர் இருவர் தபாற்பைகளை நான்கு குதிரைச் சிறுவண்டியில் ஏற்றி, 17 மைல் தூரம் வீதியைவிட்டு வயல்வழியே சென்று, அவற்றை இலண்டன் சேர்த்தனர். அக்கடமையுணர்வு போற்றத்தக்கது. அத்தகைய கடமையுணர்வு வேண்டப்படாத வழியொன்றை மக்கள் விரும்பியதிற் குற்றமும் இல்லை.

அவ்வழியை அமைக்கும் அதிகாரம் கிரேற் வெஸ்ரேண் புகையிரதக் கம்பனிக்கு 1835 இற் பாராளுமன்றச் சட்டத்தாற் கிடைத்தது. பொறியியலாளர் இசம்பார்ட் புரூனெல். இலண்டனிலிருந்து பிரிஸ்தலுக்குப் பாதை அமைக்க இரு போக்குகள் இருந்தன. ஒன்று கென்னற் பள்ளத்தாக்கு வழியே, பழைய வீதியை ஒட்டியது. மற்றது மேட்டுநிலத்துக்கு வடக்கே, சுவிண்டன் என்னும் சிற்றூர் அருகாகச் செல்வது. வடபாதையில் ஏற்றம் குறைவு. ஒக்ஸ்போட், குளொஸ்ரர் ஆகிய இடங்களுக்குக் கிளைகள் அமைத்தலும் எளிது. புரூனெல் அதனையே தேர்ந்தார். ஐந்நூறு மனிதரும் ஆயிரம் குதிரைகளும் எழுப்பிய வாதம் எதுவும் சாய்வுக் கணக்கை மாற்றியிராது.

பாதை இலண்டனிலிருந்து சிறிது சிறிதாக நீண்டது. 1838 யூன் மாதத்தில் மெயிடன்கெட் வரை. 1840 மார்ச்சில் றெடிங் வரை. இதுகாறும் பயணிகள் புகையிரதம் நின்ற இடத்திலிருந்து வண்டியேறி மால்பரோ வழியே செல்லலாம். விடுதிக்கு அரைவயிற்றுக் கஞ்சி கிடைத்தது. 1840 திசெம்பரிற் பாதை சுவிண்டனுக்கும் அப்பால் சென்றபோது, மேற்கே செல்வோர் மால்பரோவைக் காணவேண்டிய தேவையே ஒழிந்தது. ஏறத்தாழ இரண்டு மைல் நீளமான பொக்ஸ் சுரங்கம் முடிந்து 1841 யூன் 30 ஆந் திகதி முழுப் பாதையும் திறக்கப்பட்டது. இலண்டனிலிருந்து பிரிஸ்தலுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். இரு நாளுக்கு ஓர் இரவு வேண்டும். பதினாறு மணிக்கு ஒரு சாப்பாடு வேண்டும். நான்கு மணிக்கு மால்பரோ வேண்டியதில்லை.

பெரிய முதலாளிகள் இம்மாற்றத்தைத் தப்பினர். இலண்டனில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வைத்திருந்த வில்லியம் சப்ளின், காலமறிந்து அவற்றை விற்று, பணத்தைப் புகையிரதப் பங்குகளில் இட்டு, இலண்டன் தென்மேற்குப் புகையிரதக் கம்பனியின் தலைவராகவும் விளங்கினார். மால்பரோ இலாயக்காரனுக்கு விற்கப் பங்குமில்லை, வாங்கப் பங்குமில்லை. அவன் வித்தை குதிரை. பதினொரு மைல் வடக்கே சுவிண்டனில் 1843 இல் இயங்கத் தொடங்கிய பொறித் தொழிற்சாலைக்கு வேண்டியது இரும்பு வேலை. கோட்டை விடுதியும் அந்த 1843 ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டது.

பயணிக்குப் பசி ஒழியவில்லை என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. சுவிண்டன் நிலையத்தைத் தம் செலவிற் கட்டித்தந்த ஒப்பந்தக்காரருக்குக் கம்பனி ஒரு வாக்குக் கொடுத்திருந்தது: வழக்கமான வண்டிகள் யாவும் அங்கு ஏறத்தாழப் பத்து நிமிடம் நின்று பயணிகளுக்கு உணவருந்த இடங்கொடுக்கும்; உடன்படிக்கை 99 ஆண்டுக்குரியது. பயணிக்கு வேறு போக்கில்லை என்பதை அறிந்த உணவுச்சாலை, சூப்பைச் சுடச்சுடக் கொடுத்து ஆறுமுன் மணியடிப்பதாகப் பெயர்பெற்றது. அங்கு விற்ற கோப்பியின் தரத்தைப் புரூனெலே ஒரு கடிதத்தில் ஏளனஞ் செய்தார். அவ்வுடன்படிக்கையிலிருந்து விடுபடக் கம்பனி 1895 இல் 100,000 பவுண் கொடுக்க வேண்டியதாயிற்று. மால்பரோவின் ஓர் இரவுக்கு வாரிசாக வந்தது சுவிண்டனின் பத்து நிமிடமே. பெறுமதி குறைந்ததென்று சொல்லுதற்கில்லை.

வெறுமையான மாளிகை நெடுநாள் வெறுமையாயிருக்கவில்லை. இங்கிலாந்துத் திருச்சபைக் குருமாருட் பலர் வறியர். புதல்வரைப் பெரிய கல்லூரிகளுக்கு அனுப்ப இயலாதவர். அவர்களுக்கெனக் குறைந்த கட்டணத்திற் கல்லூரியொன்று நிறுவ முயன்றோருக்கு, மலிவான பெரிய வீடு ஒன்று தேவைப்பட்டது. எயில்சுபரிப் பிரபுவிடமிருந்து விடுதி குத்தகைக்குக் கிடைத்தது. 1843 ஓகஸ்டில் ஏறக்குறைய 200 மாணவருடன் மால்பரோக் கல்லூரி திறக்கப்பட்டது. நாட்டின் பல மூலைகளிலிருந்து அவர்கள் வந்த வழி பெரும்பாலும் சுவிண்டன் வரை புகையிரதமே. விடுதியை வெறுமையாக்கிய இருப்புப்பாதை அவ்வீட்டை ஆண்டு முடியுமுன் நிரப்பியும் விட்டது.

கல்லூரி வரலாறு பாடுவோர் இவ்விடத்தில் விரைந்து செல்வது வழக்கம். அவ்வாறு செல்லலாகாது. விடுதிக்கு விருந்தினன் விரும்பி வருவான், உணவு பிடியாவிட்டால் அடுத்த விடுதிக்குப் போவான். மாணவனுக்கு அவ்வுரிமையில்லை. கட்டணம் குறைவாதலால் உணவும் குறைந்தது. மாணவர் தொகையோ ஐந்தாண்டில் 500 ஐத் தாண்டியது. கட்டடக்கலைஞர் எட்வட் புளோர் எழுப்பிய புதிய இல்லங்களுள் ஒன்று, நடுவே ஆழ்ந்த கிணறுபோன்ற வெளியும் சுற்றிலும் நடைபாதைகளுமாகச் சிறைச்சாலையை நினைவூட்டியது. குளிரும் பசியும் பிரம்படியும் சேர்ந்து, 1851 ஆம் ஆண்டின் இறுதியில் மாணவர் கலகம் வெடித்தது: வெடிமருந்து கொளுத்தினர், கண்ணாடிகளை உடைத்தனர். முதல் அதிபர் மத்தேயு வில்கின்சன் விலகினார். அக்காலத்து மாணவருள் ஒருவர், பின்னாளிற் கவிஞரும் கைவினை இயக்கத் தந்தையுமாகிய வில்லியம் மொறிஸ். வகுப்பறையிற் கற்றது யாதுமில்லை எனப் பிற்காலத்திற் கூறிய அவர், சேவர்னேக் காட்டிலும் சில்பரி மேட்டிலும் திரிந்து கண்டவற்றை மறந்தாரல்லர். மேற்பார்வை தளர்ந்த கல்லூரியால் விளைந்த ஒரே நன்மை அதுவாக இருக்கலாம்.

1852 இல் அதிபராக வந்த யோர்ச் கொற்றன், றக்பிக் கல்லூரியில் தோமஸ் ஆர்னல்டின் கீழ் ஆசிரியராயிருந்தவர். மாணவத் தலைவருக்குப் பொறுப்பளித்தல், ஒழுங்குபடுத்திய விளையாட்டு, இளம் ஆசிரியர்கள் மாணவரோடு கூடி விளையாடுதல் ஆகியவற்றால் கல்லூரியை மீட்டார். 1858 இல் கல்கத்தா அத்தியட்சராகி, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் திருச்சபைத் தலைமை அவர் கையில் வந்தது. சிம்லாவிலும் பெங்களூரிலும் அவர் பெயரால் கல்லூரிகள் உள. 1866 இல், வங்காளத்திலே குஷ்டியா என்னுமிடத்தில், கப்பலேறும் பலகையிலிருந்து வழுக்கி ஆற்றில் விழுந்து மறைந்தார். இலங்கைக் கல்லூரிகளில் இன்றுங் காணப்படும் மாணவத் தலைவர் முறையும் இல்ல விளையாட்டுப் போட்டியும் ஆர்னல்டின் மரபு என்பர். விளையாட்டைப் பொறுத்தவரை ஆர்னல்டிலும் பார்க்கக் கொற்றனுக்கே அதில் உரிமை மிகுதி.

மால்பரோவுக்குக் கிளைப்பாதை 1864 இல் வந்தது. அந்நகரத்துப் பயணிப் புகையிரதம் 1961 இல் நின்றது. மோட்டார் வண்டிகள் பழைய பாத் வீதியை மீண்டும் நிறைத்தன. 1971 இல், புரூனெலின் பாதையைப் போலவே சுவிண்டன் அருகாகச் செல்லும் புதிய நெடுஞ்சாலை திறக்கப்பட்டு அந்நெரிசலையும் வடக்கே இழுத்துக்கொண்டது. பெருந்தெருவிற் புதனும் சனியும் சந்தை கூடுகிறது. சொமர்செற் கோமகன் கட்டிய செங்கல் மாளிகை மண்மேட்டின் அருகே நிற்கிறது. கல்லூரியார் அதனைச் 'சீ இல்லம்' என அழைப்பர்.